பக்கம் பெருத்த கதை

1949 ஏப்ரலில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் வேலை செய்யத் தொடங்கிய மார்க் 1 கணினி, தன் நினைவை ஒரு கண்ணாடிக் குழாயின் முகத்தில் வைத்திருந்தது. பழைய தொலைக்காட்சிப் பெட்டிக்குள் இருந்ததே, அந்த வகைக் கதிர்க்குழாய்தான். ஃப்ரெடி வில்லியம்ஸும் டாம் கில்பர்னும் அதன் உட்பரப்பில் மின்னூட்டப் புள்ளிகளை வரிசை வரிசையாக நிறுத்தி, அவை மங்குவதற்குள் திரும்பத் திரும்ப எழுதி, எண்களைத் தேக்கி வைத்தார்கள். ஒரு வரிசைக்கு 40 புள்ளிகள். அதை 'லைன்' என்றார்கள். 32 லைன் சேர்ந்தது ஒரு 'பேஜ்'. ஒரு குழாயில் இரண்டு பேஜ் அடங்கும்.

கணினி நினைவகத்துக்குள் பக்கம் வந்து சேர்ந்த வழி இது. அன்றைக்கு அது கண்ணால் பார்க்கக்கூடிய பக்கம். வரிகள் உண்டு, மேல் கீழ் உண்டு. குழாயில் இடம் போதாதபோது சுழலும் காந்த உருளையில் எழுதி வைத்து, வேண்டும்போது பக்கம் பக்கமாகக் குழாய்க்குக் கொண்டுவருவார்கள். எந்தப் பக்கம் எப்போது வர வேண்டும் என்பதை நிரல் எழுதுபவரே சொல்லியாக வேண்டும்.

அந்தச் சுமையை மனிதரிடமிருந்து இறக்கி இயந்திரத்தின் தலையில் வைத்தது அட்லஸ். அதே மான்செஸ்டர், அதே கில்பர்ன்; 1962 டிசம்பர் 7-இல் தொடங்கி வைக்கப்பட்டது. 48 பிட் கொண்ட சொற்கள் 16,384 அதன் வேக நினைவகத்தில் இருந்தன, 98,304 உருளையில் இருந்தன. நிரல் எழுதுபவருக்கு எல்லாம் சேர்ந்து ஒரே நினைவகமாகத் தெரிந்தது. வேக நினைவகம் 512 சொற்கள் கொண்ட 32 பக்கங்களாகப் பிரிந்திருந்தது. பக்கத்துக்கு ஒன்றாக 32 பதிவேடுகள். ஒரு முகவரி கேட்கப்பட்டால் 32 பதிவேடுகளும் ஒரே கணத்தில் ஒப்பிட்டுப் பார்த்து, 'என்னிடம் இருக்கிறது' என்று ஒன்று கைதூக்கும். யாரும் தூக்காவிட்டால் உருளையிலிருந்து எடுத்து வர வேண்டும்.

அட்லஸ்காரர்கள் இங்கே ஒரு நுட்பமான வேறுபாடு வைத்திருந்தார்கள். பயணம் செய்யும் தகவலுக்கு 'பிளாக்' என்று பெயர். அது வந்து உட்காரும் இடத்துக்குத்தான் 'பேஜ்' என்று பெயர். பின்னால் வந்தவர்கள் இதைத் தலைகீழாக்கினார்கள்: தகவல் 'பேஜ்' ஆயிற்று, இடம் 'பேஜ் ஃபிரேம்' ஆயிற்று. இன்றைய பாடப்புத்தகங்கள் சொல்வது இந்த இரண்டாம் பொருள். ஆனால் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னலைத் திறந்தால், 'ஸ்ட்ரக்ட் பேஜ்' என்ற பெயரில் உள்ள அமைப்பு விவரிப்பது இடத்தைத்தான். அட்லஸின் பழைய பொருள் அங்கே பெயர் மாறாமல் உயிரோடு இருக்கிறது.

பக்கத்தின் அளவு எவ்வளவு இருக்க வேண்டும் என்பதில் ஒருபோதும் ஒருமித்த கருத்து இருந்ததில்லை. மல்டிக்ஸ் இயங்குதளம் ஓடிய ஜிஇ-645 கணினியில் 64 சொற்கள், 1,024 சொற்கள் என்று இரண்டு அளவுகள் இருந்தன. சிறியது கைவிடப்பட்டது. 1977-இல் வந்த வாக்ஸ் கணினியில் பக்கம் வெறும் 512 பைட். 1985-இல் இன்டெலின் 80386 வந்தபோது 4 கேபி. 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் ஹெல்சிங்கியில் லினக்ஸை எழுதியது அந்த 386-இன் மேல்தான். ஆகவே 4 கேபி என்பது ஒரு தலைமுறைக்கே இயற்கை விதிபோல் ஆகிவிட்டது.

4 கேபியின் சிக்கல் அட்லஸோடு ஒப்பிட்டால் புரியும். அட்லஸில் 32 பக்கத்துக்கு 32 பதிவேடு. நினைவகம் முழுவதும் அட்டவணைக்குள் அடங்கியது. இன்றைய 64 ஜிபி சர்வரில் 4 கேபி பக்கங்கள் 1 கோடியே 67 லட்சத்துக்கு மேல். எந்தப் பக்கம் எந்த இடத்தில் என்பதை உடனடியாகச் சொல்ல ப்ராசஸருக்குள் இருக்கும் சின்ன அட்டவணைதான் டிஎல்பி. இன்டெலின் ஸ்கைலேக்கில் அதன் முதல் அடுக்கில் தரவுக்கு 64 பதிவுகள். 4 கேபி வீதம் அவை மூடும் பரப்பு 256 கேபி. இரண்டாம் அடுக்கின் 1,536 பதிவுகளையும் கணக்கில் எடுத்தால் 6 எம்பி. அதற்கு வெளியே காலடி வைக்கும் ஒவ்வொரு முறையும் ப்ராசஸர் நினைவகத்தில் இருக்கும் பக்க அட்டவணையில் இறங்கித் தேட வேண்டும். நான்கு அடுக்கு, நான்கு வாசிப்பு. மெய்நிகர் இயந்திரத்துக்குள் ஓடினால் உள்ளே ஓடும் 'விருந்தினர்' இயங்குதளத்தின் அட்டவணை, அதைத் தாங்கும் 'விருந்தளிப்பவரின்' அட்டவணை இரண்டும் பின்னிக்கொண்டு 24 வாசிப்பு வரை போகும்.

அந்த நான்கு அடுக்கைக் கொஞ்சம் கிட்ட போய்ப் பார்த்தால் இதற்குத் தீர்வான பெரிய பக்கம் எங்கிருந்து பிறக்கிறது என்பது தெரிந்துவிடும். ப்ராசஸர் 48 பிட் முகவரியை 9, 9, 9, 9, 12 என்று வெட்டுகிறது. முதல் நான்கு துண்டுகள் நான்கு அட்டவணைகளில் எத்தனையாவது பதிவு என்று சொல்கின்றன. 9 பிட் என்றால் 512 பதிவு, பதிவுக்கு 8 பைட், ஆக ஓர் அட்டவணையே சரியாக 4 கேபி. கடைசி 12 பிட், பக்கத்துக்குள் எந்த பைட் என்று சொல்கிறது. இப்போது மூன்றாம் அட்டவணையின் பதிவில் 7-ஆம் பிட்டை ஒன்றாக்கினால், 'இத்துடன் நில், கீழே போகாதே' என்று பொருள். மிச்சமிருக்கும் 9-உம் 12-உம் சேர்ந்து 21 பிட்; 2 எம்பி பக்கம். இன்னும் ஓர் அடுக்கு முன்பே நிறுத்தினால் 30 பிட். 1 ஜிபி பக்கம். புதிதாக எந்த அட்டவணையும் வேண்டாம், நடையைப் பாதியில் நிறுத்தினால் போதும். கணினி வடிவமைப்பில் இவ்வளவு சிக்கனமான அழகு அபூர்வம்.

பெயர் வைப்பதில்தான் சிக்கனம் இல்லை. இன்டெல் 1993-இல் பென்டியத்தில் 4 எம்பி பக்கத்தைக் கொண்டுவந்தது. அதன் முழு விவரமும் ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களுக்கே முதலில் கிடைத்தது. இன்டெல் கையேடுகளிலும் விண்டோஸிலும் இது 'லார்ஜ் பேஜ்'. ஆய்வாளர்களும் ஃப்ரீபிஎஸ்டிகாரர்களும் 'சூப்பர் பேஜ்' என்றார்கள்; ரைஸ் பல்கலைக்கழகத்தின் நவாரோ, ஐயர், ட்ரூஷல், காக்ஸ் நால்வரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை அந்தச் சொல்லை நிலைநிறுத்தியது. ஐபிஎம்மின் ஏஐஎக்ஸ் இயங்குதளத்தில் 16 எம்பி என்றால் 'லார்ஜ்', 16 ஜிபி என்றால் 'ஹியூஜ்'. பழைய ஆர்ம் கையேட்டில் 1 கேபி 'டைனி', 4 கேபி 'ஸ்மால்', 64 கேபி 'லார்ஜ்', 1 எம்பி 'செக்ஷன்', 16 எம்பி 'சூப்பர்செக்ஷன்'. ஓர் ஊர்க்காரருக்கு 'லார்ஜ்' என்றால் 64 கேபி, இன்னோர் ஊர்க்காரருக்கு 16 எம்பி.

லினக்ஸ் தேர்ந்தது 'ஹியூஜ்'. 2.5.36 பதிப்பில் இதற்கென இரண்டு சிஸ்டம் கால்கள் சேர்ந்தன, 2.5.54-இல் நீக்கப்பட்டன, நிலைத்தது 'ஹியூஜ்டிஎல்பிஎஃப்எஸ்' என்ற கோப்பு முறைமை வழி. கணினிகளில் ரேம் சில நூறு எம்பி இருந்த நாளில் 2 எம்பியை 'ஹியூஜ்' என்று சொன்னது பொருந்தியது. இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு படமே அதைவிடப் பெரிது. அளவைப் பெயரடையால் குறித்தால் அது சீக்கிரம் பழசாகிவிடும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேட வேண்டியதில்லை. பின்னால் வந்த ரிஸ்க்-ஃபைவ் ப்ராசஸர் வடிவமைப்பு 'மெகாபேஜ்', 'கிகாபேஜ்', 'டெராபேஜ்' என்று எண்ணின் வரிசையையே பெயராக்கியது. இருப்பவற்றில் அதுதான் உருப்படியான பெயரிடல்.

பெயர் எதுவானாலும் பலன் சிறிதல்ல. ஆரக்கிள் போன்ற ஒரு தரவுத்தளம் 64 ஜிபி நினைவகத்தைத் தன் எல்லா ப்ராசஸ்களுக்கும் பொதுவாக வைத்திருக்கிறது என்று கொள்வோம். ஒவ்வொரு ப்ராசஸுக்கும் தனிப் பக்க அட்டவணை. 4 கேபி பக்கமானால் ஓர் அட்டவணையின் பதிவுகள் மட்டும் 128 எம்பி. 500 ப்ராசஸ்கள் அந்த நினைவகம் முழுவதையும் தொட்டுவிட்டால் 62.5 ஜிபி. தரவுக்கு 64 ஜிபி, தரவு எங்கே இருக்கிறது என்ற குறிப்புக்கு ஏறக்குறைய இன்னொரு 64 ஜிபி. 2 எம்பி பக்கத்துக்கு மாறினால் ஓர் அட்டவணை 256 கேபி. 500-க்கும் சேர்த்து 125 எம்பி. தரவுத்தள நிர்வாகிகள் 'ஹியூஜ் பேஜ் போட்டாச்சா?' என்று முதலில் கேட்பது இதனால்தான்.

கர்னலின் உண்மையான தலைவலி வேறிடத்தில் இருக்கிறது. 2 எம்பி பக்கத்துக்கு 512 சிறு பக்கங்கள் அடுத்தடுத்து, அதுவும் 2 எம்பி எல்லையில் சரியாகத் தொடங்கி, காலியாக இருக்க வேண்டும். திரையரங்கில் நூறு இருக்கை காலியாகக் கிடந்தும், சேர்ந்து வந்த பத்துப் பேருக்கு ஒரே வரிசையில் இடம் கிடைக்காத நிலைதான் சில நாள் ஓடிய கணினியின் நினைவகத்திலும். ஹியூஜ்டிஎல்பிஎஃப்எஸ் இதற்குக் கண்டுபிடித்த வழி முன்பதிவு: கணினி எழுந்தவுடனே இத்தனை பெரிய பக்கம் என்று ஒதுக்கிவிடு, வேறு யாருக்கும் கொடுக்காதே. உறுதியான வழி. ஆனால் கணக்கு பிசகினால் பயன்படாத ரேம் முடங்கிக் கிடக்கும்.

இரண்டாம் வழியை ரெட் ஹேட்டின் ஆண்ட்ரியா ஆர்க்காஞ்செலி கொண்டுவந்தார். 2011 மார்ச்சில் 2.6.38 பதிப்போடு வந்த அதன் பெயர் 'ட்ரான்ஸ்பேரன்ட் ஹியூஜ் பேஜ்'. இங்கே ட்ரான்ஸ்பேரன்ட் என்றால், நிரலுக்கு எதுவுமே தெரியாமல் நடப்பது. நிரல் நினைவகத்தை முதன்முறை தொடும்போது கர்னல் 2 எம்பித் துண்டு ஒன்று கிடைக்குமா என்று பார்க்கும். கிடைத்தால் பெரிய பக்கம், இல்லாவிட்டால் சிறியது. 'கேஹியூஜ்பேஜ்டி' என்ற பின்னணி வேலையாள் பிறகு வந்து, சிதறிக் கிடக்கும் சிறு பக்கங்களை ஒன்றுசேர்க்கப் பார்க்கும். இடம் இல்லாதபோது இருப்பவற்றை நகர்த்தி இடம் பண்ணும் 'கம்பாக்ஷன்' அதற்கு முந்தைய ஆண்டே மெல் கோர்மன் முயற்சியில் கர்னலில் சேர்ந்திருந்தது.

தெரியாமல் நடப்பதற்கும் விலை உண்டு. ஒரு பைட்டைத் தொட்டதற்கு 2 எம்பி முழுவதையும் பூஜ்யமாக்க வேண்டும். ரெடிஸ் தரவுத்தளம் தன் தரவைச் சேமிக்க ஃபோர்க் செய்து (தன் நகலாக இன்னொரு ப்ராசஸை உருவாக்கி), அதன் பிறகு ஒரு சிறு மதிப்பை மாற்றினால், அக்காலக் கர்னல் 4 கேபிக்குப் பதில் 2 எம்பியைப் படியெடுத்தது, 512 மடங்கு. அதனால் ரெடிஸ் இதை அணைத்துவைக்கச் சொன்னது, மாங்கோடிபி சொன்னது, ஆரக்கிளும் சொன்னது. ஆரக்கிளின் ஆவணத்தில் 'ஹியூஜ் பேஜ் வைத்துக்கொள்ளுங்கள்', 'ட்ரான்ஸ்பேரன்ட் ஹியூஜ் பேஜை அணையுங்கள்' என்று இரண்டு அறிவுரையும் உண்டு. முரண் ஒன்றுமில்லை, முன்பதிவு செய்த பக்கம் வேறு, கர்னல் தானாக எடுத்துத் தருவது வேறு. பெயரில் பாதி ஒன்றாக இருப்பதால் புதிதாக வேலைக்கு வரும் நிர்வாகிகள் இங்கே தடுமாறுகிறார்கள். மாங்கோடிபியோ 2024-இல் 8.0 பதிப்பில் நினைவகம் ஒதுக்கும் முறையை மாற்றிக்கொண்டு, 'இனி இயக்கியே வையுங்கள்' என்று அறிவுரையைத் திருப்பிப் போட்டது.

இதற்குள் கர்னலின் உள்ளே 'பேஜ்' என்ற சொல்லே சுமை தாங்காமல் வளைந்திருந்தது. 512 சிறு பக்கங்களைச் சேர்த்து ஒரு பெரிய பக்கம் செய்தால், முதலாவதற்கு 'ஹெட் பேஜ்', மற்ற 511-க்கும் 'டெயில் பேஜ்' என்று பெயர். 'ஸ்ட்ரக்ட் பேஜ்' என்று ஒரு ஃபங்ஷனுக்கு வந்து சேர்வது தனிப் பக்கமா, தலையா, வாலா? பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் தலை எங்கே என்று தேடும் வரிகள் கர்னல் முழுவதும் பரவின. தேட மறந்த இடத்தில் பிழை. ஒரே சொல் மூன்று பொருளில் நின்றதன் விலை அது.

மேத்யூ வில்காக்ஸ் அதற்குப் புதுச் சொல்லே கொண்டுவந்தார்: 'ஃபோலியோ'. லத்தீனில் இலை என்னும் சொல்லிலிருந்து வந்து, அச்சுத் தொழிலில் தாளைக் குறித்த சொல். நம் சுவடிகளில் ஏடு நிற்கும் இடத்தில் அங்கே ஃபோலியோ நின்றது. கர்னலில் அதன் பொருள் கறாரானது: அது வால் பக்கமாக இருக்கவே முடியாது, ஒரு பக்கமோ, இரண்டின் அடுக்குகளில் பல பக்கமோ கொண்ட முழுத் துண்டு. பெயரைப் பற்றியே 2021-இல் நீண்ட விவாதம் நடந்தது. கடைசியில் 2022 ஜனவரியில் 5.16 பதிப்பில் அது சேர்ந்தது. பெயரைச் சொன்னவுடன் கம்பைலரே 'இது முழுத் துண்டு' என்று காவல் காக்கிறது. பிழைகளைத் துரத்துவதைவிடச் சொல்லைத் திருத்துவது மேல் என்று துணிந்த அந்த முடிவு பாராட்டுக்குரியது.

ஃபோலியோ வந்தபின் 4 கேபி, 2 எம்பி என்ற இரண்டு படிகளுக்கு நடுவிலும் படிகள் முளைத்தன. 2024 மார்ச்சில் வெளியான 6.8 பதிப்பில், ஆர்ம் நிறுவனத்தின் ரயன் ராபர்ட்ஸ் முயற்சியால், 16 கேபி, 64 கேபி போன்ற நடு அளவுகளிலும் ட்ரான்ஸ்பேரன்ட் ஹியூஜ் பேஜ் கிடைத்தது. அடிப்படைப் பக்கமே வளர்கிறது: ஆப்பிளின் சிலிக்கான் 16 கேபியில் ஓடுகிறது, ஆண்ட்ராய்டு 15 முதல் 16 கேபி பக்கத்துக்கும் இடம் தந்திருக்கிறது.

இயங்குதளப் பாடம் எடுக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். 'ஒரு பேஜ் என்றால் 4 கேபி' என்று எழுதி மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். 9, 9, 9, 9, 12 என்று கரும்பலகையில் முகவரியை வெட்டிக் காட்டி, எந்த அடுக்கில் நின்றால் எவ்வளவு என்று மாணவர்களையே கணக்குப் போடச் சொல்லுங்கள். பிறகு ஆய்வகத்தின் லினக்ஸ் கணினியில் 'மெம்இன்ஃபோ' கோப்பைத் திறக்கச் சொல்லுங்கள். இன்டெல், ஏஎம்டி கணினியானால் 'ஹியூஜ்பேஜ்சைஸ்' என்ற வரியில் வழக்கமாக 2048 கேபி என்று இருக்கும். 'அனான்ஹியூஜ்பேஜஸ்' என்ற வரி, அவர்கள் கேட்காமலே கர்னல் அந்த நிமிடம் எவ்வளவு நினைவகத்தைப் பெரும்பக்கமாகக் கொடுத்திருக்கிறது என்பதைச் சொல்லும்.