குறை காண வந்த செவி



384ஆம் ஆண்டில் மிலான் நகர ஆலயத்துக்குப் புதியவர் ஒருவர் வரத் தொடங்கினார். வயது ஏறக்குறைய முப்பது. வட ஆப்பிரிக்காவில் பிறந்தவர். அந்நகரில் சொற்கலை கற்பிக்கும் ஆசிரியராக அப்போதுதான் அமர்த்தப்பட்டிருந்தார். பேராயர் அம்புரோஸின் நாவன்மை ஊரார் புகழ்வதற்கு ஏற்றதுதானா என்று அளந்து பார்ப்பதே அவர் வந்த நோக்கம். அவர் பெயர் அகுஸ்தீன்.

பின்னாளில் எழுதிய 'அறிக்கைகள்' நூலில் இதை அவர் மறைக்கவில்லை. சொற்களின்மேல் கருத்தாயிருந்தார், பொருளையோ அலட்சியம் செய்தார். முன்பு மானிக்கேயரிடையே தாம் கேட்டிருந்த ஃபாஸ்டஸ் என்பவரோடு பேராயரை ஒப்பிட்டும் பார்த்தார். கல்வியில் அம்புரோஸ் மேலானவர். கேட்போரை மகிழ்விக்கும் இனிமையிலோ ஃபாஸ்டஸே ஒரு படி மேல் என்பது அவரது தீர்ப்பு. ஆராதனை முடிந்து வீடு திரும்பும் வழியில் நாம் இரண்டு போதகர்களை ஒப்பிடுவதும் இதே கணக்குத்தானே? நானும் இதற்கு விலக்கல்லன். இறையியல் கல்லூரியில் சக மாணவரின் பிரசங்கத்தைக் குறித்துக் குறை சொல்லிப் பழகிய கை, இன்றும் பிறர் பிரசங்கிக்கையில் பேனாவைத் தேடுகிறது.

ஆனால் சொல்லுக்கென்று அகுஸ்தீன் திறந்துவைத்த வாசல் வழியே பொருளும் உள்ளே நுழைந்தது. இரண்டையும் பிரித்து நிறுத்த அவரால் இயலவில்லை. பழைய ஏற்பாட்டுக்காக வழக்காடவே முடியாது என்றிருந்தவர், அதன் கடினமான பகுதிகளை அம்புரோஸ் விளக்கக் கேட்டுச் சிறுகச் சிறுக இளகினார். தம் ஐயங்களைத் தனியே விரிவாகப் பேச அவருக்கு நேரம் வாய்க்கவில்லை. பேராயரைச் சுற்றி எப்போதும் மக்கள் கூட்டம். ஆகவே ஞாயிறுதோறும் கேட்பது ஒன்றே அவருக்கு வாய்த்தது. 387ஆம் ஆண்டு உயிர்த்தெழுதல் திருநாளையொட்டி, தாம் மதிப்பெண் போட வந்த அதே மனிதரின் கையால் ஞானஸ்நானம் பெற்றார்.

பிற்பாடு ஹிப்போவின் பேராயரானபின், புதியவர்களுக்கு விசுவாசத்தைக் கற்பிப்பது பற்றி, கார்த்தேஜ் சபையின் உதவிக்குரு ஒருவருக்காகச் சிறு நூல் ஒன்றை அகுஸ்தீன் எழுதினார். அதில் இலக்கணப் பள்ளிகளிலிருந்தும் சொற்கலைப் பள்ளிகளிலிருந்தும் வருவோரைப் பற்றித் தனியே பேசுகிறார். குருமார் ஜெபிக்கையில் சொற்பிழை செய்தால், அவர்கள் நகைக்கக் கூடாது. தேவனுடைய செவியை எட்டுவது இருதயத்தின் குரலே என்று அவர்களுக்கு உணர்த்த வேண்டும். பிழை திருத்தப்பட வேண்டியதன்று என்று அவர் சொல்லவில்லை. அந்தப் பள்ளிகளை அவரைவிட நன்கு அறிந்தவர் யார்?

பிரசங்கம் கேட்டதை வேதவாக்கியங்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்த பெரோயா பட்டணத்தாரை லூக்கா பாராட்டுகிறாரே என்று நீங்கள் கேட்கலாம். ஆம், ஆயினும் அவர்கள் வசனத்தை மனோவாஞ்சையாய் ஏற்றுக்கொண்ட பின்னரே ஆராய்ந்தார்கள் என்பதையும் அவர் சொல்லாமல் விடவில்லை. (பிரசங்கிக்கிற நானே இதை எழுதுவது எனக்குச் சற்றுக் கூச்சந்தான்.)

அதே சிறு நூலில் அகுஸ்தீன் இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறார். தம்முடைய பேச்சு ஏறக்குறைய எப்போதுமே தமக்குத் திருப்தி அளித்ததில்லையாம். மனதில் மின்னியது நாவுக்கு வருமுன் மங்கிவிடுகிறதாம். ஆனாலும் கேட்க விரும்பி வருவோரின் ஆவலைக் காண்கையில், தாம் நினைத்த அளவுக்குத் தம் பேச்சு குளிர்ந்துபோய்விடவில்லை என்று அவர் அறிந்துகொண்டார்.