ஹேக்கிங் தி எக்ஸ்பாக்ஸ்

ஆண்ட்ரூ ஹுவாங் 2003-இல் வெளியிட்ட நூல். வீடியோ கேம் பெட்டி ஒன்றைப் பிரித்துப் போட்டு ரிவர்ஸ் இன்ஜினியரிங் கற்றுத்தருவது. மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்பாக்ஸ் 2001 நவம்பரில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது ஹுவாங் எம்.ஐ.டி.யில் முனைவர் பட்ட ஆய்வாளர். அந்தப் பெட்டியின் ஃப்ளாஷ் சிப்பில் கண்ணுக்குத் தெரிந்த தொடக்க நிரல் வெறும் கண்துடைப்பு. உண்மையான 512 பைட் நிரல், ரகசியச் சாவியோடு, என்விடியாவின் எம்சிபிஎக்ஸ் சிப்புக்குள் இருந்தது. சிப்பைக் குடைந்து பார்ப்பது பெரும்பாடு. ஆகவே அதிலிருந்து தரவு வெளியேறும் ஹைப்பர்டிரான்ஸ்போர்ட் தடங்களின்மேல் தானே வடிவமைத்த சிறு சர்க்யூட் போர்டைப் பற்றவைத்து ஒட்டுக்கேட்டார். சாவி அவ்வழியே மறைப்பின்றிப் போய்க்கொண்டிருந்தது! குறியாக்கத்தில் காட்டிய அக்கறையை வடிவமைப்பாளர்கள் இந்தத் தடங்களில் காட்டவில்லை.

நூல் நேரே இந்த ஒட்டுக்கேட்புக்குப் பாய்வதில்லை. மூடியைத் திறப்பது, முகப்பின் பச்சை எல்இடியைக் கழற்றி நீலத்தை வைப்பது எனச் சால்டரிங் பழக்கத்திலிருந்து தொடங்குகிறது. புதியவர்களுக்கு இந்த அத்தியாயங்களே அதிகம் பயன்படும். 1998-ஆம் ஆண்டின் டிஎம்சிஏ என்னும் அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்துக்கு அஞ்சி வைலி பதிப்பகம் பின்வாங்கவே, ஹுவாங் முதலில் சொந்தமாக அச்சிட்டார். பின்னர் நோ ஸ்டார்ச் பிரஸ் வெளியிட்டது. 2013-இல் இணையச் செயற்பாட்டாளர் ஆரன் சுவார்ட்ஸ் நினைவாக மின்னூல் இலவசமாக்கப்பட்டது.