நிபுணர் குழு சொன்னதும் அரசு கேட்டதும்

"நிபுணர்களே சொல்லிவிட்டார்கள்" என்று ஓர் அரசு அறிவித்துவிட்டால் நாம் வாயை மூடிக்கொள்கிறோம். நிபுணர்கள் முழுதாக என்ன சொன்னார்கள் என்று யாரும் படிப்பதில்லை. ஐரோப்பா இதற்குக் கொடுத்த விலை பெரிது. அந்தக் கதையைச் சற்றுப் பார்ப்போம்.

1986-ல் பிரிட்டனில் மாடுகளுக்கு ஒரு புதிய நோய் இருப்பது தெரியவந்தது. மூளையில் பஞ்சு போலத் துளைகள் விழும். மாடு தள்ளாடி விழுந்து சாகும். பத்திரிகைகள் 'பைத்தியக்கார மாட்டு நோய்' என்று எழுதியது இதைத்தான். இறந்த கால்நடைகளின் இறைச்சியையும் எலும்பையும் அரைத்துத் தீவனத்தில் கலந்ததால்தான் இது பரவியது.

1988-ல் ஆக்ஸ்போர்டு விலங்கியல் பேராசிரியர் ரிச்சர்ட் சவுத்வுட் தலைமையில் 4 பேர் கொண்ட குழுவை அரசு அமைத்தது. 1989 பிப்ரவரியில் அறிக்கை வந்தது. மனிதருக்கு இந்நோய் தொற்றும் வாய்ப்பு மிகக் குறைவு என்றது குழு. அதோடு நிற்கவில்லை. தங்கள் கணிப்பு தவறினால் விளைவுகள் மிகக் கடுமையாக இருக்கும் என்றும் எச்சரித்தது. அரசு முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டது. 1990-ல் வேளாண் அமைச்சர் ஜான் கம்மர், கேமராக்களின் முன்னே தன் சிறிய மகளுக்கு மாட்டிறைச்சி பர்கர் ஊட்ட முயன்றார்!

1996 மார்ச் 20. சுகாதார அமைச்சர் ஸ்டீபன் டாரல் நாடாளுமன்றத்தில் எழுந்தார். 10 பேருக்கு வந்துள்ள புதுவகை மூளை நோய்க்கு மாட்டு நோயே காரணமாக இருக்கக்கூடும் என்றார். ஒரே வாரத்தில் ஐரோப்பிய ஒன்றியம் பிரிட்டன் மாட்டிறைச்சி ஏற்றுமதியைத் தடை செய்தது. அந்த நோய்க்குப் பிரிட்டனில் மட்டும் 170-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். அவர்களில் பலர் இளைஞர்கள்.

பிரஸ்ஸல்ஸ் மட்டும் ஒழுங்கா? ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் விசாரணைக் குழு 1997-ல் அதையும் கிழித்தது. ஆலோசனைக் குழுக்களில் பிரிட்டிஷ் நிபுணர்களின் கை ஓங்கியிருந்தது, மக்களின் உடல்நலத்தை விடச் சந்தை பெரிதாகப் போயிற்று என்பது குற்றச்சாட்டு. அதே ஆண்டு அறிவியல் குழுக்கள் நுகர்வோர் நலத் துறையின் கீழ் கொண்டுவரப்பட்டன. 2002-ல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் பிறந்தது. இன்று அது இத்தாலியின் பார்மா நகரில் இயங்குகிறது.

ஆபத்தை அளந்து சொல்வது ஆணையத்தின் வேலை. முடிவெடுப்பது ஆட்சியாளர்களின் வேலை. நிபுணர்கள் தங்களுக்குள்ள தொழில் தொடர்புகளை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். குழுவில் மாற்றுக் கருத்து இருந்தால் அதையும் சேர்த்தே வெளியிட வேண்டும்.

எனக்கு இந்தக் கடைசி விதிதான் முக்கியமாகப் படுகிறது. சவுத்வுட் குழு தன் ஐயத்தை மறைக்கவில்லை. அதைக் கேட்கத்தான் ஆளில்லை.