புளியமரத்தில் கட்டிய குரல்

ஆடி பிறந்துவிட்டால் செஞ்சி சுற்றுவட்டாரத்தில் எந்த ஊரில் அம்மனுக்குக் கூழ் ஊற்றிச் சாகை வார்க்கிறார்கள் என்று யாரிடமும் விசாரிக்க வேண்டியதில்லை. விடியற்காலையில் காதைக் கொடுத்தால் போதும். புளியமரத்து உச்சியிலோ தென்னையின் கழுத்திலோ கட்டிய குழாயிலிருந்து முதலில் சீர்காழி கோவிந்தராஜன் விநாயகரைக் கூப்பிடுவார். அவர் பாடி முடிக்காமல் ரேடியோ செட்டுக்காரர் வேறு ரெக்கார்டைத் தொடமாட்டார்; பிள்ளையார் சுழி போடாமல் கணக்கு நோட்டைத் திறக்காத கடைக்காரரைப் போல. அடுத்து ஊசி கரகரக்கும். எல்.ஆர். ஈஸ்வரி வந்துவிடுவார். கூழ்ப்பானை கழுவிக் கவிழ்க்கப்படும் வரை அந்த ஊர் அவர் கையில்.

உலகில் அதிகம் விற்ற ஆல்பம் எது என்று கேட்டால் மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' என்பார்கள். 1982இல் வந்தது, ஒன்பது பாட்டு, சுமார் 42 நிமிடம், கோடிக்கணக்கான பிரதிகள். வீட்டுக்கு வீடு வாங்கினார்கள், எண்ணினார்கள். செஞ்சிப் பக்கத்துக் கணக்கு வேறு. 1970களில் இங்கே ரெக்கார்டு பிளேயர் வைத்திருந்த வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். 'செல்லாத்தா', 'கற்பூர நாயகியே', 'தாயே கருமாரி' போன்ற பாட்டுகள் அடங்கிய இசைத்தட்டை வாங்கியது ஊர்க்காரர்கள் அல்ல. வாடகைக்கு மைக் செட் கட்டுபவர் வாங்கினார். ஒரே தட்டு. அதை அவர் ஒரு ஆடி மாதத்தில் எத்தனை ஊருக்குத் தூக்கிப் போனாரோ, அத்தனை ஊரின் ஆடு மாடு உட்பட எல்லோரும் கேட்டார்கள். கம்பெனிப் பேரேட்டில் விற்பனை ஒன்று என்று பதிவாகியிருக்கும்.

இந்தப் பாட்டுகளுக்குச் செஞ்சியில் இவ்வளவு வரவேற்பு இருந்ததில் வியப்பில்லை. ஊரின் பெயரே செஞ்சியம்மனிலிருந்து வந்தது என்பதுதான் இங்கே சொல்லப்படும் கதை. நாயக்கர், பீஜப்பூர்காரர், மராட்டியர், மொகலாயர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று கோட்டை கைமாறிக்கொண்டே இருந்தது. சிவாஜி 1677இல் பிடித்தார். அவர் மகன் ராஜாராமை உள்ளே வைத்து மொகலாயப் படை 1698 வரை முற்றுகையிட்டது. இத்தனை கொடிகள் மாறியும் ராஜகிரி மலைமேல் கமலக்கண்ணியம்மன் இடம் மாறவில்லை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ இந்தக் கோட்டையை மராட்டிய ராணுவத் தலங்களின் வரிசையில் உலக மரபுச் சின்னமாக்கியது. அந்த வரிசைக்காக வருகிற வெளிநாட்டார் மதில்களைப் பார்ப்பார்கள். உள்ளூர்க்காரர்கள் மலையேறுவது பெரும்பாலும் அம்மனுக்காகத்தான்.

வடமேற்கே சுமார் 20 கிலோமீட்டரில் மேல்மலையனூர். பிரம்மனின் தலையைக் கிள்ளிய பாவத்தால் சிவன் கையில் ஒட்டிக்கொண்ட கபாலம் கழன்ற இடம் என்பார்கள். பருவதராஜகுலத்தார் பரம்பரையாகப் பூசை செய்யும் அங்காளம்மன் கோயில். ஒவ்வொரு அமாவாசை இரவும் ஊஞ்சல் உற்சவம். மாசியில் மயானக் கொள்ளை. இன்னொரு பக்கம் மேலச்சேரி. திரௌபதியம்மன் வழிபாட்டின் ஆதி ஊர் என்று பெயர் பெற்றது. ஆல்ஃப் ஹில்டெபெய்ட்டல் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1988இல் வெளியிட்ட பெரிய நூலின் துணைத்தலைப்பிலேயே குருக்ஷேத்திரத்தோடு செஞ்சியையும் சேர்த்துக்கொண்டார்.

இத்தகைய ஊரில் அம்மன் பாட்டு ரெக்கார்டில்தான் முதலில் வந்தது என்று சொன்னால் பம்பைக்காரர் சிரித்துவிடுவார்.

பம்பை என்பது ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டிய இரட்டை மேளம். ஒன்று மரம், மற்றது பித்தளை. இடுப்பில் கட்டிக்கொண்டு இரு கையிலும் குச்சி பிடித்து அடிப்பார்கள். பக்கத்தில் உடுக்கை, இடையில் உள்ள கயிற்றை அழுத்தினால் அதன் குரல் ஏறும், விட்டால் இறங்கும். கையில் சிலம்பு. இவர்கள் பாடும் வர்ணிப்புக்கு நிமிடக் கணக்குக் கிடையாது. அம்மனை ஊர் ஊராகப் பேர் சொல்லி அழைத்து, உச்சி முதல் பாதம் வரை அலங்காரம் சொல்லி, வர மறுத்தால் கெஞ்சி, அதட்டி, திட்டிக்கூடப் பாடுவார்கள். கூட்டத்தில் யாருக்காவது சாமி வந்தால்தான் பாட்டு முடியும். வராத வரை நடுராத்திரி ஆனாலும் நிற்காது. பாட்டின் நீளத்தை முடிவு செய்பவள் அம்மன்.

இதை முதலில் கத்தரித்தது அச்சகம். சென்னை கொண்டித்தோப்பு இரத்தின நாயகர் அண்ட் சன்ஸ் போன்றவர்கள் போட்ட பெரிய எழுத்துப் புத்தகங்கள் சந்தைகளில் மலிவாகக் கிடைத்தன. செஞ்சியின் சொந்தச் சரக்கான தேசிங்குராஜன் கதையும் அப்படித்தான் பரவியது. 1714இல் ஆற்காட்டு நவாப் சதத்துல்லா கானோடு மோதி மாண்ட இளைஞனும், அவன் தோழன் முகமது கானும், அவர்களுடைய குதிரைகளும் கோட்டையைப் பார்த்தே இராத ஊர்களுக்குப் போனார்கள். மாரியம்மன் தாலாட்டும் அதே கடையில், அதே தாளில் விற்றது. அம்மை போட்ட வீட்டில் வேப்பிலைக் கொத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து யாராவது அதைப் படிப்பார்கள். அந்த வீட்டில் தாளிக்கும் வாசனைகூட ஆகாது.

புத்தகத்துக்காவது தாள் கூட்டிக்கொள்ளலாம். இசைத்தட்டில் அது நடக்காது. 78 சுற்று அரக்குத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவே. 45 சுற்றுச் சிறிய தட்டு வந்தபோது பக்கத்துக்கு இரண்டு பாட்டு வைக்க முடிந்தது. நீண்ட தட்டில் பக்கத்துக்கு இருபது நிமிடம் சொச்சம். அம்மனை அழைத்து, வர்ணித்து, கெஞ்சி, கும்பிட்டு அனுப்புவதை எல்லாம் நான்கைந்து நிமிடத்துக்குள் அடக்க வேண்டியிருந்தது. சினிமாப் பாட்டின் பல்லவி, சரணம், இடையிசை என்ற அச்சு இங்கே கைகொடுத்தது. ஊர்ப்பெயர்களை அடுக்கும் பழைய பழக்கம் சரணத்துக்குள் போனது. அதட்டலும் திட்டலும் வெளியே நின்றுவிட்டன. பம்பைக்காரர் கோபத்தோடு அழைத்தவளைத் தட்டு செல்லமாகக் கூப்பிட ஆரம்பித்தது.

பாடியவர் விஷயத்துக்கு வருவோம். லூர்து மேரி ராஜேஸ்வரி 1939இல் சென்னையில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். தாயார் ரெஜினா மேரி நிர்மலா ஜெமினி ஸ்டுடியோவில் கோரஸ் பாடகி. தாயோடு போய்வந்த மகளும் 1954இல் 'மனோகரா' படத்தில் கோரஸில் நின்றார். 1958இல் கே.வி. மகாதேவன் 'நல்ல இடத்து சம்பந்தம்' படத்தில் தனிப்பாட்டுக் கொடுத்தார். ஏற்கெனவே எம்.எஸ். ராஜேஸ்வரி இருந்ததால் ஏ.பி. நாகராஜன் இவரை எல்.ஆர். ஈஸ்வரி ஆக்கினார். 1961இல் 'பாசமலர்' கல்யாணப் பாட்டு. அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் அந்தப் பாட்டு ஒலிக்காத கல்யாண வீடு குறைவு. 1968இல் 'பணமா பாசமா' படத்து எலந்தப்பழப் பாட்டு. 1969இல் 'சிவந்த மண்' படத்தில், சவுக்கடிக்கு நடுவே பாடும் 'பட்டத்து ராணி'. முறையாகப் பாட்டுக் கற்றவரல்ல. சிரிப்பு, மூச்சு, செருமல், கிண்டல் எல்லாவற்றையும் சுரத்துக்குள் கொண்டுவரத் தெரிந்தவர். படத்தில் கிளப் டான்ஸ் என்றால் மெல்லிசை மன்னர் இவரைத்தான் கூப்பிடுவார். தமிழுக்கு ஒரு பாப் பாடகி அன்று இருந்தார் என்றால் அது இவர்தான்.

கிளப் டான்ஸ் பாடிய வாயா மாரியாத்தா பாடுவது என்று யாராவது முகம் சுளித்திருந்தாலும் ஆடித் திருவிழா அதைச் சட்டை செய்யவில்லை. கத்தோலிக்கப் பெண் என்பதும் எந்தப் பந்தலிலும் குறையாகப் படவில்லை. சாமி வந்தவளிடம் யாரும் சாதகம் பார்ப்பதில்லை அல்லவா!

இந்தக் குரல் ஏன் எடுபட்டது என்பதற்குப் பக்தியைத் தவிர இன்னொரு காரணமும் உண்டு. அக்காலப் பதிவில் பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே நேரத்தில் இசைக்க வேண்டும். யாராவது ஓர் இடத்தில் பிசகினால் எல்லோரும் முதலிலிருந்து. உரத்த தோல்கருவிகளை மைக்கிலிருந்து தள்ளி உட்காரவைப்பார்கள், இல்லாவிட்டால் குரலை விழுங்கிவிடும். ஈஸ்வரியின் குரல் மேளத்தோடு மல்லுக்கு நிற்கக்கூடியது. ஒலிநாடா கல்கத்தாவை ஒட்டிய டம்டம் தொழிற்சாலையில் எச்.எம்.வி. தட்டாக அச்சாகி, திரும்பத் தமிழ்நாட்டுக் கடைக்கு வந்து, கடைசியில் மரத்தில் தொங்கும் தகரக் குழாய் வழியாக வெளியே வரும். அந்தக் குழாய் ஒரு பொல்லாத சல்லடை. அடிக்குரலையும் மிருதங்கத்தின் தொப்பியையும் தின்றுவிடும். மிக நுண்ணிய கீச்சொலிகளையும் விடாது. நடுவில் இருக்கும் கூரான ஒலிதான் வயல் தாண்டிப் போகும். எத்தனையோ இனிய குரல்கள் குழாயில் கம்மிப்போனபோது, ஈஸ்வரியின் குரல் மட்டும் குழாய்க்கென்றே செய்ததுபோல ஒலித்தது.

அந்தத் தட்டு ரேடியோ செட்டுக்காரரிடம் என்ன பாடு பட்டது என்பது தனிக் கதை. தகர டிரங்குப் பெட்டியில் உறை கிழிந்த தட்டுகள் அடுக்கியிருக்கும். வண்டியில் ஆம்ப்ளிஃபயர், பேட்டரி, இரண்டு குழாய், சுருட்டிய ஒயர். இருப்பவர்களிலேயே இளையவன் மரமேறிக் குழாயைக் கட்டுவான். பந்தலின் ஓரத்தில் கயிற்றுக் கட்டிலுக்குப் பக்கத்தில் பிளேயர். சிறுவர்கள் சூழ்ந்துகொண்டு தட்டு சுற்றுவதையே வேடிக்கை பார்ப்பார்கள். நடுவில் இருக்கும் நாய்ப் படம் சுழன்று வட்டமாகிவிடும். கீறல் விழுந்த இடம் வந்ததும் ஈஸ்வரி ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பார். செட்டுக்காரர் அவசரப்படமாட்டார். ஊசித் தலையின் மேல் பத்துக் காசு நாணயம் ஒன்றை வைப்பார். பாரம் ஏறியதும் ஊசி கீறலைத் தாண்டி ஓடும். தட்டு இன்னும் சீக்கிரம் தேயும். அதைப் பற்றி அடுத்த ஆடியில் கவலைப்படலாம். கேட்டுப் பழகிய பிள்ளைகள் பாட்டைக் கீறலோடு சேர்த்தே பாடினார்கள்.

இந்தத் தட்டுகள் சுழன்ற அதே 1970களில்தான் பெரியம்மை நாட்டைவிட்டுப் போனது. இந்தியாவில் உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளி 1975 மே மாதம் கண்டறியப்பட்டார். 1977இல் நாடு பெரியம்மை அற்றதாக அறிவிக்கப்பட்டது. மாரியம்மன் எதற்காக அஞ்சப்பட்டாளோ அந்த நோய் ஒழிந்த நேரத்தில் அவளுடைய பாட்டு ஊர் ஊராக முழங்கியது. நோய் இருந்த காலத்துத் தாலாட்டு, மூடிய வீட்டுக்குள் தாழ்ந்த குரலில் பாடப்பட்டது. நோய் போன காலத்துப் பாட்டைப் புளியமரத்தில் கட்டிப் பாடவிட்டார்கள். பயம் தெளிந்த ஊர்தான் இப்படித் துள்ளும் தாளத்தில் அம்மனைக் கூப்பிடும் என்று தோன்றுகிறது. இது ஊகம்தான்; ஆனால் 'செல்லாத்தா'வைக் கேட்டுப் பயந்தவர் யாரும் இருக்க முடியாது.

1980களில் கேசட் வந்தது. தட்டு அச்சடிக்கத் தொழிற்சாலை வேண்டும். கேசட்டுக்கு ஒரு அறையும் நாலைந்து டெக்கும் போதும். சிறிய கம்பெனிகள் முளைத்தன. கோயிலுக்கு ஒரு கேசட் என்றானது. மேல்மலையனூர் அமாவாசைக் கடைகளில் எலுமிச்சை, குங்குமம், கறுப்புக் கயிறு வரிசையில் அங்காளம்மன் கேசட்டும் சேர்ந்தது. வாங்கிப்போனவர் வீட்டில் டேப் ரெக்கார்டர் இருந்தது. ஊருக்கு ஒரு தட்டு என்ற கணக்கு முடிந்து வீட்டுக்கு ஒன்று என்ற கணக்கு தொடங்கியது. எச்.எம்.வி.யின் பிடி தளர்ந்தது. காலி கேசட் கொடுத்தால் வேண்டிய பாட்டைப் பதிந்து தரும் ரெக்கார்டிங் சென்டர்களில் ஈஸ்வரி, வீரமணி, டி.எம்.எஸ்., நாகூர் ஹனிபா எல்லோரும் ஒரே நாடாவில் முன்னும் பின்னும் உட்கார்ந்தார்கள். பல்லாயிரம் பேர் வாங்கினார்கள். பாடியவருக்கு அதில் பைசா வந்திருக்காது.

2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கிக்குப் பூட்டுப் போட்டன. கூம்புக் குழாய்களைக் காவல்துறை அவ்வப்போது கழற்றிக்கொண்டு போகிறது. குழாய் இருந்த இடத்தில் ஆளுயரப் பெட்டிகள் வந்துவிட்டன. அவற்றில் அடித்தாளம் நெஞ்சைத் தட்டுகிறது. ஈஸ்வரி 2011இல் 'ஒஸ்தி' படத்தில் 'கலாசலா' பாடிப் பேரப்பிள்ளைகளை ஆடவைத்தார். 2020இல் 'மூக்குத்தி அம்மன்' படத்தில் ஆடிக் குத்தும் பாடினார். 

பம்பைக்காரர்கள் போய்விடவில்லை. மேல்மலையனூர் ஊஞ்சலுக்கு இன்றும் வருகிறார்கள். சில குழுக்களில் கீபோர்டு ஒன்றும் கூடவே வருகிறது. வர்ணிப்பு சூடுபிடிக்கும் வரை கூட்டத்தைக் கட்டிப்போட வேண்டுமே. அப்போது கீபோர்டுக்காரர் முன்னிசையை வாசிக்க, பம்பைக்காரர் எடுத்துவிடுவது 'கற்பூர நாயகி' மெட்டை. நான்கு நிமிடத்தில் முடிய வேண்டிய பாட்டு அவர் கையில் பதினைந்து நிமிடம் ஓடுகிறது. வாசலில் யாருக்கோ தலை ஆடத் தொடங்குகிறது. அவர் உடுக்கைக்காரரைப் பார்த்துக் கண்ணைக் காட்டிவிட்டு, மெட்டை அங்கேயே விட்டுவிட்டு, அம்மனை அதட்ட ஆரம்பிக்கிறார்.