துவக்க முறை (கணினி): பயாஸும் யுஇஎஃப்ஐயும்

கணினியின் பவர் பொத்தானை அழுத்தியதும் முதலில் விழிப்பது விண்டோஸோ லினக்ஸோ அல்ல; மதர்போர்டில் பதிந்திருக்கும் ஃபர்ம்வேர். வட்டிலுள்ள இயங்குதளத்தை அது தேடி எழுப்பும் வழியே துவக்க முறை. பழைய வழி பயாஸ், கடைப் பேச்சில் ‘லெகசி’. புதியது யுஇஎஃப்ஐ.

பயாஸ் என்ற பெயர் கேரி கில்டால் 1970களில் எழுதிய சிபி/எம் இயங்குதளத்தில் பிறந்தது. 1981இல் வந்த ஐபிஎம் பிசி அதை உலகெங்கும் பரப்பியது. வட்டின் முதல் 512 பைட்டைப் படித்து, அங்குள்ள குட்டி நிரலிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு பயாஸ் ஒதுங்கிக்கொள்ளும். பார்ட்டிஷன் விவரமும் (எம்பிஆர்) அதே 512 பைட்டுக்குள் அடங்கவேண்டும். அதனால் முதன்மைப் பார்ட்டிஷன் நான்கே; வழக்கமான வட்டுகளில் 2 டெராபைட்டைத் தாண்டிய இடம் கணக்கில் வராது. 10 மெகாபைட் வட்டே ஆடம்பரமாக இருந்த 1983இல் போட்ட கணக்கு அது, குறைசொல்வதற்கில்லை.

1990களின் பிற்பாதியில் ஐட்டானியம் கணினிகளுக்காக இன்டெல் இஎஃப்ஐயை வடிவமைத்தது. 2005இல் அது பல நிறுவனங்கள் சேர்ந்த யுஇஎஃப்ஐ மன்றத்தின் கைக்குப் போனது. துவக்க நிரல் இதில் ஃபேட்32 பார்ட்டிஷனுக்குள் சாதாரணக் கோப்பாகவே கிடக்கும். 2012இல் விண்டோஸ் 8 உடன் செக்யூர் பூட் பரவியது. கையொப்பமில்லாத நிரலை எழவிடாத இந்த ஏற்பாட்டைக் கண்டு லினக்ஸ்காரர்கள் கொதித்தார்கள். மைக்ரோசாஃப்ட் கையொப்பமிட்ட ‘ஷிம்’ என்ற சிறு துவக்க நிரல் வந்தபின் தணிந்தார்கள்.

லினக்ஸ் கதையில் சென்னையின் பல்லாவரம் பக்கத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தின் ஏயு-கேபிசி ஆய்வு மையமும் சென்னை சி-டாக் நிறுவனமும் 2005இல் கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தில் கைகோத்தன. அந்த முயற்சியின் வழியே சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007இல் வெளியானது. 2011 செப்டம்பரில் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன் பாஸும் மாணவர் கைக்கு வந்தது. இப்படி இரண்டை ஒரே வட்டில் வைத்தால் இரண்டையும் ஒரே முறையில் போட்டிருக்கவேண்டும். யுஇஎஃப்ஐயில் எழுந்த க்ரப் என்ற லினக்ஸ் துவக்க மெனுவால் லெகசியில் போட்ட விண்டோஸை எழுப்ப முடியாது.

செட்டப் திரையில் தெரிவது தேர்வு போலத்தான் இருக்கும். உண்மையில் ஓஎஸ் போட்ட அன்றே அது முடிவாகிவிட்டது. பிறகு செய்வதெல்லாம் ஜோடி சேர்ப்பது. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய ஹார்டுடிஸ்க் வாங்கி மாட்டியவர் ‘பூட் ஆகல’ என்று அதை ஓரம்கட்டுமுன் அதிலுள்ள ஓஎஸ் எந்த முறையில் போடப்பட்டது என்று பார்க்கவேண்டும். லெகசி வட்டாக இருந்தால், பயாஸ் போல நடிக்கும் சிஎஸ்எம் வசதியை இயக்கியதும் எழக்கூடும். 32 பிட் விண்டோஸ் 7க்கும் லெகசிதான் பொருந்தும். மற்றபடி புதிதாகப் போடுவோருக்கு யுஇஎஃப்ஐயே சரி. ஏற்கெனவே எம்பிஆரில் இருப்பதை, ஃபார்மட் செய்யாமலே யுஇஎஃப்ஐக்கு உரிய ஜிபிடி பார்ட்டிஷன் முறைக்கு மாற்றும் கருவியை 2017இல் விண்டோஸ் 10 கொண்டுவந்தது.

சிஎஸ்எம்மும் இப்போது மறைந்துவருகிறது. 2020க்குள் அதைக் கைவிடப்போவதாக இன்டெல் 2017இலேயே அறிவித்தது. 2021இல் வந்த விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக யுஇஎஃப்ஐ கணினியையே கேட்கிறது; விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் நின்றது. லெகசி மட்டுமே தெரிந்த மெஷின்களில் 64 பிட் லினக்ஸ் இன்னும் எழுகிறது.