பெயரடையும் வினையடையும்: மட்டக்களப்பின் ஆங்கில இலக்கணக் கல்வி பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மட்டக்களப்பில் மிஷனரிமார் வழிவந்த ஆங்கிலக் கல்வி 1814ஆம் ஆண்டில் தொடங்குகின்றது. அவ்வாண்டில் இங்கு வந்த வெஸ்லியன் மிஷனரி வில்லியம் ஓல்ட் பாதிரியார் நிறுவிய பாடசாலையே மெதடிஸ்த மத்திய கல்லூரியாக வளர்ந்தது. 1873இல் புனித மிக்கேல் கல்லூரியும், 1929இல் சுவாமி விபுலாநந்தரின் முயற்சியால் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயமும் தோன்றின. குடியேற்ற ஆட்சியில் ஆங்கிலம் உத்தியோகத்தின் திறவுகோலாயிற்று. நகரையும் அதன் அயலையும் சார்ந்தெழுந்த இக்கல்வி, படுவான்கரை உழவர்தம் பிள்ளைகளுக்கு எளிதில் எட்டவில்லை. இச்சமூகப் பின்னணியில், மாணவரை நெடுங்காலமாக இடர்ப்படுத்தும் இலக்கணக் கூறொன்றை நாம் இங்கு ஆராய்வோம். அது பெயரடையையும் வினையடையையும் பிரித்தறிதலாகும்.

'லி' என முடியும் ஆங்கிலச் சொல் வினையடை என்பது வகுப்பறையிற் கூறப்படும் விதி. 'குவிக்' பெயரடை, 'குவிக்லி' வினையடை என்னுமளவில் அது பொருந்தும். ஆயின் 'லவ்லி', 'பிரெண்ட்லி' என்பன பெயரடைகளே. 'பாஸ்ட்' என்பதோ இரண்டுமாகும். இதற்கு வரலாறே காரணம். பழைய ஆங்கிலத்தில் 'லிச்' என்னும் விகுதி பெயரடையையும், 'எ' என்னும் ஈறு சேர்ந்த 'லிச்சே' வினையடையையும் உணர்த்தின. ஈற்றொலிகள் தேய, இரண்டும் 'லி' என ஒன்றாயின. 'பாஸ்ட்' போன்ற சொற்களிலும் வினையடை ஈறாகிய 'எ' மறைந்தமையால் வடிவ வேறுபாடு அழிந்தது.

இவ்வகைப்பாடும் என்றுமுள்ளதன்று. இலத்தீன் இலக்கண மரபிற் பெயரடை பெயரின் ஒரு பிரிவாகவே கொள்ளப்பட்டது. ஆங்கில இலக்கண நூல்களில் அது தனிச்சொல்வகையாக நிலைபெற்றது 18ஆம் நூற்றாண்டிலாகும். 1795இல் வெளிவந்த லிண்ட்லி மறேயின் இலக்கணம் அதனைத் தனியே வகுத்துள்ளது. தொல்காப்பியமோ பெயர், வினை, இடை, உரி என நான்கே கூறும். பெயரடையையும் வினையடையையும் உரிச்சொல்லுள் அடக்க முயன்றோர் உளர். எனினும் இரு மரபுகளின் எல்லைக்கோடுகளும் ஒன்றல்ல. கல்முனையைச் சேர்ந்த எம். ஏ. நுஃமான் 'அடிப்படைத் தமிழ் இலக்கணம்' (1999) என்னும் நூலில் இவ்விரண்டையும் தனித்தனிச் சொல்வகைகளாகக் கொண்டமை இங்குக் கருதத்தக்கது.

தற்காலத் தமிழில் 'அழகான', 'அழகாக' என ஈறுகளே பெரும்பாலும் வேறுபாட்டைக் காட்டிவிடுகின்றன. ஆகவே, 'ஆக' வருமிடத்தில் வினையடை வேண்டும் என மாணவன் கொள்வது இயல்பே. 'அவள் மகிழ்ச்சியாக இருக்கிறாள்' என்பதனை ஆங்கிலமாக்குமிடத்து 'ஹப்பிலி' என அவன் எழுதுவதும் இதனாலேயே. தமிழ் 'ஆக' ஈற்றை வேண்டும் அவ்விடத்தில் ஆங்கிலம் 'ஹப்பி' என்னும் பெயரடையையே வேண்டும். 'உணவு நன்றாக மணக்கிறது' என்பதும் இத்தகையதே. எனவே சொல்லின் ஈற்றை நோக்காது, அது எழுவாயின் தன்மையை உரைக்கின்றதா, வினை நிகழும் விதத்தை உரைக்கின்றதா என வினவுதலே தக்க வழியாம்.

இப்பிழை அறிவுக் குறைவின் விளைவன்று; தாய்மொழியின் ஒழுங்கை மாணவன் செம்மையாகப் பின்பற்றியதன் விளைவாகும். 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்து பாடசாலைக் கதவைத் திறந்தது. ஆயினும் ஆங்கிலம் இன்றும் உயர்கல்விக்கும் தொழிலுக்கும் வாயிலாக நிற்கின்றது. இவ்வாயிலில் கிராமத்து மாணவனைத் 'திறனற்றவன்' என ஒதுக்காது, அவனுடைய தமிழறிவிலிருந்தே ஆங்கில இலக்கணத்தைக் கற்பித்தல் ஆசிரியர்தம் கடனாகும்.