குளிசையும் பாதையும்

ஒரு மருந்தின் வரலாறு ஆய்வுகூடத்தில் தொடங்கலாம், அங்கேயே முடிந்துவிடுவதில்லை. அது யாருடைய கைக்கு எட்டியது, யாருடைய கைக்கு நடுவழியில் எட்டாமற் போயிற்று என்பதும் அம்மருந்தின் வரலாறே. ஸ்டீரோயிட்டு மருந்தை நாம் இக்கண்கொண்டு நோக்குதல் வேண்டும்.

1948 செப்டெம்பரில், அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில், மூட்டுவாதத்தால் முடங்கிக் கிடந்த ஒரு பெண்ணுக்குக் கோர்ட்டிசோன் ஊசி ஏற்றப்பட்டது. சில நாட்களில் அவள் எழுந்து நடந்தாள். 1950 இல் ஹென்ச், கென்டல், ரைக்ஸ்டைன் ஆகிய மூவரும் நோபல் பரிசு பெற்றனர். மாட்டின் பித்தத்திலிருந்து முப்பதுக்கு மேற்பட்ட இரசாயனப் படிகளைக் கடந்து ஆக்கப்பட்ட அம்மருந்து, தொடக்கத்தில் கிராம் 200 டொலருக்கு விற்றது. மெக்சிக்கோவின் ஏழை விவசாயிகள் அகழ்ந்தெடுத்த காட்டுக் கிழங்கும், 1952 இல் வெளிவந்த பூஞ்சண முறையும் அவ்விலையை வீழ்த்தின. 1955 இல் பிரெட்னிசோன் சந்தைக்கு வந்தது, பிரெட்னிசோலோனும் தொடர்ந்தது. செல்வரின் ஊசி ஏழையின் குளிசையாயிற்று.

குழந்தைகளுக்கு இது பெரும்பேறு என்பதை மறுப்பதற்கில்லை. சிறுநீரில் புரதம் கழிந்து உடல் முழுவதும் வீங்கும் நெப்ரோட்டிக் நோய், ஒரு காலத்தில் எத்தனையோ பிள்ளைகளைக் காவுகொண்டது. இன்று அவர்களுட் பெரும்பாலோர் இக்குளிசையால் தேறுகின்றனர். கடுந்தொய்விலும் இதுவே உயிர்காக்கிறது.

ஆயினும், மாதக்கணக்கில் உட்கொள்ளும் பிள்ளையின் உடல் அதற்குரிய விலையைக் கொடுக்கிறது. முகம் நிலாவைப்போல் உருண்டுவிடும், பசி மிகும், உயரம் வளர்வது குன்றும், எலும்பு நலியும், கண்ணிற் புரை படரலாம், இரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறலாம். நோயெதிர்ப்பு தளர்வதால் கொப்புளிப்பானும் சின்னமுத்தும் உயிருக்கே உலைவைக்கலாம். வளர்ச்சி குன்றுவதை 1950களிலேயே மருத்துவர்கள் எழுதிவைத்தனர்.

இவை யாவற்றிலும் கொடியது வேறொன்று. வெளியிலிருந்து மருந்து வரவர, உடலின் அதிரீனல் சுரப்பி தன் தொழிலை மறந்து உறங்கிவிடுகிறது. ஆகவே குளிசையைத் திடீரென நிறுத்தலாகாது. சிறுகச் சிறுகக் குறைத்தே நிறுத்த வேண்டும். தவறினால் வாந்தி, சோர்வு, மயக்கம், சில வேளை மரணம். இம்மருந்து கேட்பது பணத்தை மட்டுமன்று. இடையறாத விநியோகத்தையும், மருத்துவரின் ஓயாத கண்காணிப்பையும் கேட்கிறது.

இனி மாங்கேணியை நோக்குவோம். மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குச் செல்லும் வீதியில், வாழைச்சேனைக்கு வடக்கே, கடலுக்கும் களப்புக்கும் இடையே கிடக்கும் ஊர் அது. 2006 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அதற்கு வடக்கேயுள்ள வாகரைப் பிரதேசம் போரின் முற்றுகையில் அகப்பட்டது. உணவும் மருந்தும் தட்டுப்பட்டன. பல்லாயிரம் மக்கள் காட்டுவழியாகவும் நீர்வழியாகவும் தெற்கு நோக்கி ஓடினர். தினமும் குளிசை விழுங்கவேண்டிய பிள்ளைக்கு அத்தகைய நாட்கள் எவ்வாறு கழியும்? பாதை மூடப்பட்டால் மருந்தும் நிறுத்தப்படுகிறது. படிப்படியாகக் குறைக்க அங்கே நேரமில்லை. 2022 இல் துப்பாக்கிச் சத்தம் இல்லை. அந்நியச் செலாவணி வற்றியது. மருந்துத் தட்டுப்பாடு நாடெங்கும் பரந்தது.

இந்நிலையை முன்கூட்டியே எண்ணிப் பார்த்தவர் நம் நாட்டிலேயே இருந்தார். பேராசிரியர் சேனக பிபிலே, கம்யூனிஸ்ட் தலைவர் டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் இணைந்து அறிக்கை தயாரித்தார். 1971 இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றியது. வணிகப் பெயர்களின் மயக்கத்தை நீக்கித் தேவையான மருந்தை மலிவாக மக்களுக்கு அளிப்பதே அவர் நோக்கம். பன்னாட்டுக் கம்பனிகள் அதனை வன்மையாக எதிர்த்தன. 1977 இல் பிபிலே கயானாவில் மறைந்தார். அவர் எழுப்பிய கேள்வி மறையவில்லை.

ஆசிரியத் தோழர்களுக்கு ஒரு சொல். உங்கள் வகுப்பில் முகம் உப்பிய, வயதுக்கேற்ற உயரமில்லாத பிள்ளையைப் பிறர் கேலி செய்யக் கண்டால், அது தின்று கொழுத்த உடம்பென்று எண்ணாதீர்கள். அப்பிள்ளை வெட்கத்தாற் குளிசையை ஒளித்து எறியவுங்கூடும். கேலியை நிறுத்துங்கள், வகுப்பிற் கொப்புளிப்பான் கண்டால் பெற்றோருக்கு அன்றே அறிவியுங்கள், கிளினிக் நாளில் விடுப்புக் கொடுங்கள். குளிசையின் தீங்கை முற்றாக நீக்க விஞ்ஞானம் இன்னும் கற்கவில்லை. ஆனால் பாதையின்மையும் வறுமையும் அதனோடு சேர்க்கும் தீங்கு மனிதர் செய்தது. அதனை மனிதரால் நீக்கவும் முடியும்.